மைனா வாங்கிய பொன்னாடைகள்

எனக்குக் குதிரையேறத் தெரியாது. இதை நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் எங்கள் கல்லூரி முதல்வரின் அறை. அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாவத்துக்குத்தான் இப்போது இங்கே பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நான் தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர். தற்காலிகம். ஆறு வருடமாகத் தற்காலிகம். (ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்றால் வேப்பங்கன்றைக் கூட மரம் என்று சொல்லிவிடுவார்கள். என்னை யாரும் சொல்லவில்லை.) என் மனைவி ஸ்டெல்லா கடத்தூரில் பள்ளி ஆசிரியை, நிரந்தரம். என் மாமனார் கோயில் திருவிழாவில் பார்த்தாலும் சரி, துக்க வீட்டில் பார்த்தாலும் சரி, தோத்திரம் சொல்வதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "மாப்ளே, பர்மனென்ட் ஆயிடுச்சுங்களா?" நான் அடுத்த மாதம் என்பேன். ஆறு வருடத்தில் எத்தனை அடுத்த மாதங்கள் வந்து போயின என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில்தான் கல்லூரியின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட ஒரு குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. ஒவ்வொரு துறையும் தனக்கே உரிய சிறப்பு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். வேதியியல் துறை சோப்புத்தூள் கலக்குவதாக ஒப்புக்கொண்டது. தாவரவியல் துறை கேழ்வரகில் முறுக்கு சுட்டு ஏற்கெனவே பாதி தின்று முடித்திருந்தது. வரலாற்றுத் துறையில் இருப்பது இரண்டு பேர். துறைத் தலைவருக்கு முழங்கால் வலி. மிச்சம் இருந்த என்னை முதல்வர் கூப்பிட்டு, "ஆரோக்கியம், நல்லபடியா ஒண்ணு செஞ்சு காட்டிட்டீங்கன்னா உங்க ஃபைலை எடுத்து மேல வெச்சுர்றேன்" என்றார். அந்த ஃபைல் எதற்கு அடியில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருடைய மேசைக் கண்ணாடி ஆடாமல் இருக்கக் கொடுத்த முட்டு அதுதான்.

அதற்கு முந்தைய வாரம் கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருந்தேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பழைய நகரம். சரவிளக்கு தொங்கும் மண்டபம். வெள்ளைக் குதிரைகள் இசைக்கு ஏற்ப நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி அடி வைக்கின்றன. மேலே தொப்பி போட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பல நூறு வருடத்துப் பாரம்பரியம், உலகத்தின் சொத்து என்று பின்னணியில் ஒருவர் தழுதழுத்தார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த அடியை நான் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில் பார்த்திருக்கிறேன். ஊரே கூடி நிற்க, பம்பை மேளச் சத்தத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை ஆடியது. அதே அடி, அதே நிமிர்ந்த கழுத்து. சரவிளக்குக்குப் பதில் சீரியல் பல்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்தில் என் மூளையில் தோன்றிய ஒரே சரியான எண்ணம் அது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, 'தர்மபுரி மாவட்டத்தில் அழிந்துவரும் நாட்டியக் குதிரைக் கலையும் அதை மீட்டெடுக்கும் வரலாற்றுத் துறையும்' என்று பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரி, 'துறை ஆசிரியரே குதிரையேறிச் செய்து காட்டுவார்.' அந்த வரியை எழுதிய கையை நான் இன்றுவரை நம்புவதில்லை. முதல்வருக்கு மற்ற பதினொரு பக்கமும் ஞாபகம் இல்லை, அந்த வரி மட்டும் மனப்பாடம். "ஏறத் தெரியும் இல்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்பதை அவர் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டார்.

குதிரைக்காரர் பெயர் முனிராஜ். கடத்தூரிலிருந்து மொரப்பூர் போகிற வழியில் வீடு. வீட்டுக்குப் பின்னால் நான்கு குதிரைகள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அழிந்துவரும் கலைஞரைச் சந்திக்கப் போகிறோமே என்று நான் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு போனேன். அவரோ என்னை உட்காரச் சொன்ன பத்து நிமிடத்தில் ஏழு முறை போன் பேசினார். காதுகுத்து, மாப்பிள்ளை அழைப்பு, கோயில் பண்டிகை, கட்சிக்காரர் வரவேற்பு. சித்திரை முடிய தேதி இல்லையாம். அவருடைய குதிரைகளைப் பின்தொடர்கிறவர்கள் இன்ஸ்டாகிராமில் எங்கள் கல்லூரியின் மொத்த மாணவர்களைப் போல முப்பது மடங்கு. பன்னிரண்டு பக்கத்தை எடுத்த வேகத்தில் பைக்குள் திருப்பி வைத்தேன். அந்த இடத்தில் அழிந்துகொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.

ரொம்பக் கெஞ்சியதில் ஒரு காலைப்பொழுது கிடைத்தது. அன்றைக்கு மொரப்பூரில் ஒரு காதுகுத்துக்கு அவர் வேறொரு குதிரையோடு போக வேண்டும். மைனா என்கிற வெள்ளைப் பெண்குதிரையையும் பம்பைக்காரர்களையும் எட்டு மணிக்கே கல்லூரியில் விட்டுவிட்டு, காதுகுத்து முடிந்து பதினொரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். குழு வருவது பதினொன்றரைக்கு. அவர் வராமல் நான் ஏறக்கூடாது. சரி என்றேன்.

விட்டேனா? ஐரோப்பியக் குதிரையேற்றம் பற்றி அவருக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். (எனக்கே பத்து நிமிடக் காணொளி அளவுக்குத்தான் தெரியும். மிச்ச இருபது நிமிடம் கைச்சரக்கு.) அவர் அந்தக் காணொளியை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லா பழக்கியிருக்காங்க சார். மேல ஒக்காந்திருக்கறவரு ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்காரு பாருங்க. அதாங்க கஷ்டம்."

அந்த வாக்கியத்தில் என் காதில் ஏறியது 'ஒண்ணுமே பண்ணாத' என்கிற பகுதி மட்டும். ஆறு வருடமாக அதில்தானே எனக்கு அனுபவம்.

கிளம்பும்போது அவர் மைனாவின் பழக்கங்களைச் சொன்னார். பம்பைக்காரர்கள் பாட்டை முடிக்கிற அடி ஒன்று இருக்கிறது. அதை அடித்தால்தான் மைனா முன்னங்கால் மடித்து மண்டியிடும், அப்போதுதான் இறங்க வேண்டும். நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தன்னை எழுந்து நிற்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பின்னங்காலில் நின்றுவிடும். இன்னொன்று, எந்த ஊருக்குப் போனாலும் ஆடி முடித்ததும் ஊர்ப் பெரியவர்கள் மைனாவுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அதனால் எங்கே யார் பொன்னாடையை விரித்தாலும் போய்த் தலையைக் கொடுத்துவிடும். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். 'சுவையான வட்டாரத் தகவல்கள்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் போட்டேன்.

அந்த நாள் வந்தது. வாடகைக் கடையிலிருந்து ராஜா உடை, தலைப்பாகை, அட்டைக் கத்தி. பேன்ட் சட்டையோடு ஏறினால் பாரம்பரியம் தெரியாது என்பது முதல்வரின் கட்சி. குழு பதினொன்றரைக்கு வரவில்லை, பத்து மணிக்கே வந்துவிட்டது. குழுத் தலைவி ஓய்வுபெற்ற பேராசிரியை. மெல்லிய உருவம், தடித்த கண்ணாடி. அவர் சிரித்ததற்கான அறிகுறி எதுவும் முகத்தில் எங்கேயும் இல்லை. முதல்வர் என்னிடம் ஓடிவந்து ஏறச் சொன்னார். குதிரைக்காரர் வரவில்லையே என்றேன். "குதிரை இருக்குது. நீங்க இருக்கீங்க. இன்னும் யாருய்யா வரணும்?" என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த ஃபைல் மட்டும் அவர் மேசையில் இல்லாமலிருந்தால் நான் நியாயம் பேசியிருப்பேன். வகுப்பறை பெஞ்சு ஒன்றைப் போட்டு ஏறினேன்.

பம்பை அடித்தது. மைனா நடந்தது. நடந்தது என்று சொன்னால் போதாது. எனக்குக் கீழே ஒரு பெரிய உயிர், ஒவ்வொரு அடியையும் பம்பைக்குக் கொடுத்து வாங்கி, கழுத்தை நிமிர்த்தி, வாசலிலிருந்து பந்தல் வரைக்கும் ஆடிக்கொண்டே போனது. மாணவர்கள் விசில் அடித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யாரும் என்னை அவ்வளவு உயரத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம் நான் நிஜமாகவே ராஜாதான். ஆட்டம் மொத்தமும் மைனாவுடையது என்பது அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

பந்தல் வந்ததும் முதல்வர் கையைத் தூக்கிப் பம்பையை நிறுத்தச் சொன்னார். குழுவுக்கு நேரமில்லை, உடனே விழா தொடங்க வேண்டுமாம். பம்பைக்காரர்கள் அடித்த அடியை அந்தரத்தில் விட்டுவிட்டு நிறுத்தினார்கள். நாட்டு நலப்பணி மாணவர்கள் பாய்ந்து வந்து அவர்களைக் கேன்டீனுக்கு இட்லி சாப்பிட அழைத்துப் போய்விட்டார்கள். (விருந்தோம்பலில் எங்கள் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.)

முடிக்கிற அடி அடிக்கப்படவில்லை. மைனா மண்டியிடவில்லை. பாட்டு முடியாத இடத்தில் எந்த நல்ல குதிரை வேலையை முடிக்கும்? காதை முன்னால் வைத்துக்கொண்டு, அடுத்த அடிக்காகக் காத்திருந்தது. நான் மேலே காத்திருந்தேன்.

வாழ்த்துப் பாடல் ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். குதிரை மேல் இருப்பவன் எழுந்து நிற்க வேண்டுமா, வேண்டாமா என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மரியாதைக்காகக் கொஞ்சம் எழும்பப் பார்த்தேன். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மைனா தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு பின்னங்காலில் எழுந்து நின்றது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடலைக் கேட்டேன். அந்தப் பந்தலில் அவ்வளவு பக்தியோடு வாழ்த்துப் பாடலைக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு இறங்க முயற்சி செய்யும் எண்ணத்தையே கைவிட்டேன்.

அடுத்து வரவேற்பு. நம் ஊர் விழாக்களில் பேச்சாளர் வராமல் இருக்கலாம், பொன்னாடை வராமல் இருக்காது. பதினொரு பொன்னாடைகள் தாம்பாளத்தில் தயாராக இருந்தன. மேடை என்பது தரையில் விரித்த சிவப்புக் கம்பளம்தான். முதல்வர் முதல் பொன்னாடையை எடுத்து உதறி, தலைவியை நோக்கி விரித்தார். அவருக்கும் தலைவிக்கும் நடுவில் மைனா போய் நின்று தலையைக் குனிந்தது. விரித்த கை விரித்தபடி இருக்க, முதல்வர் வேறு வழி தெரியாமல் குதிரைக்குப் போர்த்திவிட்டார். மைனா வலது முன்னங்காலைத் தூக்கி அவருக்கு வணக்கம் சொன்னது. கைத்தட்டல் கூரையைத் தூக்கியது.

இரண்டாவது பொன்னாடையும் மைனாவுக்குத்தான். மூன்றாவதை முதல்வர் முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்துக்கொண்டு நாற்காலிகளைச் சுற்றி வேகமாக நடந்தார். மைனாவும் சுற்றியது. மைனா மேல் நானும் சுற்றினேன். ஒரு கட்டத்தில் முதல்வர் ஓடினார். வேதியியல் துறைத் தலைவர் குறுக்கே வந்து இன்னொரு பொன்னாடையை விரித்துக் காட்டி மைனாவைத் திசைதிருப்பப் பார்த்தார். அதுவும் போயிற்று. ஐந்தாவது பொன்னாடை கழுத்தில் ஏறியபோது முதல்வர் என் காலருகில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"ஆரோக்கியம், மொதல்ல எறங்குய்யா."

"முடியாதுங்க சார்."

"ஏன்யா?"

"பாட்டு இன்னும் முடியலைங்க சார்."

அவர் பார்த்த பார்வையில் என் ஃபைல் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போவது தெரிந்தது. பம்பைக்காரர்களைக் கூப்பிடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தொகுப்பாளர் என் பெயரை அறிவித்துவிட்டார், ஒரு மாணவி மைக்கைக் கழியில் கட்டி மேலே நீட்டிவிட்டாள். நான் பேசினேன். அழிந்துவரும் கலை என்றேன், மீட்டெடுக்கும் துறை என்றேன். முக்கால் மணி நேரம் பேசினேன். பேச்சை முடித்தால் இறங்க வேண்டும், இறங்க வழியில்லை. மனிதன் வேறென்ன செய்வான்?

அப்போது தலைவி மைக்கை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தக் குதிரையைப் பழக்கியது யார்?

முதல்வர் என்னையே பார்த்தார். மாமனார் முகம் ஒரு கணம் மனதில் வந்து போனது. நான் மைக்கில் சொன்னேன்: "எங்க துறைதாங்க மேடம்."

சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினால், பந்தல் கம்பத்தை ஒட்டி முனிராஜ் நிற்கிறார். மொரப்பூரில் தாய்மாமன் சீர் வரத் தாமதமானதால் அப்போதுதான் மொபெட்டில் வந்து சேர்ந்திருக்கிறார். நெற்றியில் காதுகுத்து வீட்டுச் சந்தனம். வாசல் மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்ததால் என் பதிலை அவர் முழுதாகக் கேட்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் என் கால் இருக்கிற நிலையையும் மைனா கழுத்தில் இருந்த பொன்னாடைகளையும் பார்த்துவிட்டு, பம்பைக்காரர்களைக் கூப்பிடக் கேன்டீன் பக்கம் போனார்.

கை கழுவின ஈரத்தோடு பம்பைக்காரர்கள் முனிராஜின் பின்னாலேயே வந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்து, அடித்து, முடித்தார்கள். மைனா அழகாக மண்டியிட்டது. இரண்டு மணி நேரமாக மரத்துப் போயிருந்த என் கால்கள் அதற்குத் தயாராக இல்லை. தலைப்பாகை முதலில் போனது. அதைத் தொடர்ந்து நான், மைனாவின் கழுத்து வழியாக வழுக்கி, பொன்னாடைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, தலைவியின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தேன்.

எழுந்திருக்க முடியவில்லை. அதற்குக் கீழே விழ இடமும் இல்லை. அந்த நிம்மதியில்தான் உண்மை வந்தது என்று நினைக்கிறேன். படுத்தபடியே சொன்னேன்: "மேடம், துறை இல்லைங்க. இவரு பேரு முனிராஜ். இவரும் இவங்க வூட்டுக்காரங்களும் பழக்கின குதிரைங்க இது. நான் பொய் சொல்லிட்டேன்."

வெட்கமாக இருந்தது. விழுந்ததற்கு இல்லை, சொன்னதற்கு. அவர் பெயரை அழைப்பிதழில் நான் எங்கேயும் போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

தலைவி என்னைத் தாண்டிக்கொண்டு போய் முனிராஜிடம் பேச ஆரம்பித்தார். எந்த வயதில் தொடங்குவீர்கள், அடி எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேலே ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் பம்பையை மட்டும் கேட்க வைப்போம், கால் தானாக எடுக்கிற வரைக்கும் காத்திருப்போம், அவசரப்பட்டு அடித்தால் குதிரை ஆடாது, பயத்தில் குதிக்கும், இரண்டும் வேறே வேறே என்று அவர் சொன்னார். தலைவி அத்தனையும் எழுதிக்கொண்டார். ஐரோப்பிய மண்டபத்தையும் சேர்த்து நான் முக்கால் மணி நேரம் பேசியதில் அவர் ஒரு வரி கூட எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியில் இவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துங்கள் என்றார். முதல்வர் தாம்பாளத்திலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். மைனா எழுந்து வந்து நடுவில் தலையைக் கொடுத்தது. முனிராஜ் சிரித்துவிட்டார்.

"அதுக்கே போடுங்க சார். ஆடுனது அதுதானுங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் வேலை போய்விட்டது என்று சொன்னேன். அவள் சாப்பாடு போட்டாள். மாமனார் போன் செய்யவே இல்லை. நான் விழுந்த காணொளி அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதே அவர்தான். என் அம்மா மட்டும், "கோயில் சுரூபத்துல குதிரை மேல இருக்கற சந்தியாகப்பர் மாதிரியேதான்டா இருந்த. மூஞ்சி ஒண்ணுதான் சரியில்ல" என்று ஆறுதல் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. நாட்டியக் குதிரைக் கலை இந்த மாவட்டத்தில் நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கும் மரபு, அதை யாரும் மீட்டெடுக்க வேண்டியதில்லை, முனிராஜ் என்று பெயரையே குறிப்பிட்டு, கல்லூரிதான் ஆண்டுதோறும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம். அதன் அடியில் என்னைப் பற்றி ஒரு வரி: 'துறை ஆசிரியர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குதிரையிலிருந்து இறங்காமல் காட்டிய ஈடுபாடு பாராட்டத்தக்கது.' தலைவி இதை விவரம் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்த முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் முதல்வருக்குக் குழுவின் வார்த்தை வேதவாக்கு. மறுவாரமே அந்த வரியை அப்படியே மேற்கோள் காட்டி என் பணி நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு முனிராஜ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தன் பெயர் இருந்த இடத்தை அவர் போனில் படம் எடுத்து உடனே ஸ்டேட்டஸ் வைத்தார். பிறகு என் வரியைப் படித்துவிட்டு, "சார், இந்த ஈடுபாடுன்னு போட்டிருக்கறது நீங்க மேல மாட்டிக்கிட்டீங்களே, அதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரித்து முடிக்கும் வரை நான் வாசலில் நின்றேன். எனக்கு வேறு வேலையும் இல்லை, நான் இப்போது நிரந்தரம்.

உறவுக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது, அந்தக் காலேஜில் எப்படி நிரந்தரம் வாங்கினீர்கள், எங்கள் பையனுக்கும் வழி சொல்லுங்களேன் என்று என்னிடம் கேட்டால், பதில் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி ஸ்டெல்லா சொல்வாள்: "எல்லாரும் கஷ்டப்பட்டு மேல ஏறி வேலை வாங்குவாங்க. எங்க வூட்டுக்காரரு எறங்கத் தெரியாம வாங்கினாருங்க."

பந்தியே சிரிக்கும். மாமனார்தான் முதலில் சிரிப்பார். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை, உத்தரவிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.